நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்



இங்கே படிக்கும்போது எழுதிய முதல் கதையை, நகல்கூட எடுக்காமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. கதையும் போச்சு. அந்தக் கோபத்தில் பத்து வருஷம் பேனாவைத் தொடவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நீங்க அப்படி இருந்துடாதீங்க. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வரவேண்டும். லீவில் போய் உட்கார்ந்து படியுங்கள். 35 வயதுக்கு உட்பட்டவர்களின் புத்தகத்துக்கு சாகித்திய அகாதெமி 2011 முதல் யுவ புரஸ்கார் தருகிறது, 50,000 ரூபாய். எனக்குத்தான் வயசு தாண்டிப் போச்சு!

முதலில் நம்ம கல்லூரி மலருக்கு ஒரு கதை கொடுங்க. நகலை வீட்டில் வச்சுட்டுக் கொடுங்க.