முதல் எப்.பி.வி. ட்ரோனைத் தெரிதல்

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் துபாய் நகரிலே ட்ரோன் பந்தயமொன்று நடந்தேறியது. அதில் வெற்றி வாகை சூடிய அணியின் விமானி, இங்கிலாந்தைச் சேர்ந்த லூக் பானிஸ்ரர் என்னும் 15 வயதுச் சிறுவன். அவ்வணி பெற்ற பரிசோ 250,000 அமெரிக்க டொலர்.

இத்தகைய பந்தயத்திலே விமானிகள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் ஆசனத்தில் அமர்ந்து, கண்களை முற்றாக மூடும் ஒரு திரைக்கருவியை அணிந்துகொள்வர். ட்ரோனின் முகப்பிலுள்ள கமரா எதைக் காண்கிறதோ, அதனை அவர்களும் அக்கணமே காண்பர். உடல் தரையிலும் கண் வானிலுமாக நிகழும் இப்பறப்பையே எப்.பி.வி. என அழைக்கின்றனர். இதனைத் திரைப்படத்திலோ தொலைபேசியிலோ கண்டு, தாமும் பழகவேண்டும் என்று ஆவல் கொள்ளும் இளைஞர் இன்று பலர். அவர்களுட் கணிசமானோர் முதல் மாதத்திலேயே அதனைக் கைவிடுகின்றனர் என்பதும் உண்மை. காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவன்று. பொருள்களை வாங்கிய ஒழுங்கே பிழைத்துவிடுகிறது.

திருமண வீடுகளிற் படம் பிடிக்கும் ட்ரோனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் அறிதல் வேண்டும். படப்பிடிப்பு ட்ரோனைக் கைவிட்டால், அது செய்மதிகளின் துணைகொண்டு அந்தரத்திலே அசையாது நிற்கும். எப்.பி.வி. ட்ரோனுக்கு அந்தப் பொறுமை இல்லை. விசையைக் குறைத்தாற் கல்லைப் போல் விழும். ஒருபுறம் சாய்த்தாற் சாய்ந்தபடியே செல்லும். அதனை மீண்டும் நிமிர்த்துவதும் விமானியின் விரல்களின் வேலையே. ‘அக்ரோ’ எனப்படும் இம்முறையிற் புரளவும் குட்டிக்கரணம் அடிக்கவும் முடிவது இதனாலேதான். பழகாத கையில் அது சில விநாடிகளிலே தரையில் மோதுவதும் இதனாலேதான்.

இதனை அறியாதோர், காணொளிகளிற் கண்ட ஐந்து அங்குலச் சுழல்விசிறி கொண்ட பெரிய ட்ரோனையே முதலில் வாங்கிவிடுகின்றனர். பற்றரியுடன் அறுநூறு, எழுநூறு கிராம் நிறையுள்ள அக்கருவி மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் பாயவல்லது. அதன் விசிறி விரலிற் பட்டால் தசையைக் கிழித்துவிடும். துவிச்சக்கரவண்டி பழகாத பிள்ளைக்குப் பந்தய மோட்டார் சைக்கிளைக் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது.

ஆகவே, முதலில் வாங்கத்தக்கது ட்ரோனே அன்று. கையிற் பிடித்து இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியே முதலில் வாங்கத்தக்கது. பறப்போர் அதனை ‘ரேடியோ’ என்றே வழங்குவர். ட்ரோன் மோதும், உடையும், மரக்கிளையிலே தொங்கும், சில வேளை குளத்திலும் வீழும். ரேடியோவோ ஐந்தாறு ட்ரோன்களின் ஆயுளைத் தாண்டியும் கையிலே நிலைத்திருக்கும். அதனைத் தெரியும்போது ‘எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.’ என்னும் தொடர்பு முறை உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது நலம். எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த முறையாதலின், பல நிறுவனங்களின் ட்ரோன்கள் அதனோடு இணங்கும். 2023இல் வெளிவந்த ரேடியோமாஸ்ரர் பொக்கெற் என்னும் சிறிய கருவி அப்போது ஏறத்தாழ 65 டொலருக்கு விற்கப்பட்டது. தொடங்குவோருக்கு அதற்கு மேல் அவசியமில்லை.

அந்த ரேடியோவை ஒரு கம்பியாற் கணினியுடன் இணைத்து, ‘லிப்ட்ஓவ்’, ‘வெலோசிட்ரோன்’ போன்ற சிமுலேற்றர் மென்பொருள்களிற் பழகலாம். இடக்கைக் கோல் உயர்வையும் திருப்பத்தையும், வலக்கைக் கோல் சாய்வையும் ஆள்வது பெருவழக்கு. பத்து மணி முதல் இருபது மணி நேரம் இவ்வாறு பழகியவரின் விரல்கள், மூளை சொல்லுமுன்னரே அசையத் தொடங்கும். அங்கே நூறு முறை மோதினாலும் செலவு ஒரு சதமும் இல்லை. இது வெறும் விளையாட்டு என எண்ணித் தவிர்ப்போர், அந்த நூறு மோதல்களையும் வெளியிலே பணங்கொடுத்து வாங்குகின்றனர்.

அடுத்து வருவது ‘வூப்’ எனப்படும் குட்டி ட்ரோன். மூலைக்கு மூலை 65 அல்லது 75 மில்லிமீற்றர். நிறை இருபது, முப்பது கிராம் அளவில். விசிறிகளைச் சுற்றி வளையங்கள் காப்பாக அமைந்திருப்பதால், சுவரில் மோதி விழுந்தாலும் பெரும்பாலும் மீண்டும் எழும்பும். வீட்டு முன்விறாந்தையிலே கதிரைகளுக்கு அடியிற் புகுந்து பறக்கலாம். அம்மாவின் பூச்சாடிகளை மட்டும் முன்னரே அகற்றிவிடுவது விவேகம். தூரிகையில்லா மோட்டார் உள்ளதையே வாங்கவேண்டும். தூரிகை மோட்டார் விலை குறைவெனினும் விரைவிற் தேய்ந்துவிடும்.

கண்ணுக்கு அணியும் ‘கொகிள்ஸ்’ கருவியில் இரு வகை உண்டு. பழைய அனலொக் முறையிலே படம் புள்ளியடித்துத் தோன்றும். ஆயினும் விலை குறைவு, அலை நலியும்போது படம் படிப்படியாகக் கலங்கி எச்சரிக்கையும் தரும். டிஜிற்றல் முறையிலே படம் தெளிவு, செலவு அதிகம். டீ.ஜே.ஐ., வோக்ஸ்நெயில், எச்.டி.சீரோ ஆகியவை தத்தமக்கெனத் தனித்தனி முறைகளை உடையன. ஒன்றின் கொகிள்ஸை நம்பி மற்றதன் ட்ரோனை வாங்கலாகாது. பணம் மட்டாயிருப்பின் அனலொக்கில் தொடங்குவதிற் குறைவொன்றுமில்லை.

அனைத்தும் ஒரே பெட்டியில் வரும் தொகுதிகளும் உள. அவற்றின் ரேடியோ சிமுலேற்றருக்கும் பிற ட்ரோன்களுக்கும் உதவுமாயின் வாங்கலாம். தன் குட்டியோடு மட்டும் பேசுவதாயின் வேண்டாம். டீ.ஜே.ஐ. நிறுவனம் 2022இல் அவாற்றாவையும் 2024இல் அதன் இரண்டாம் வடிவத்தையும் வெளியிட்டது. மணிக்கட்டை அசைத்தே அவற்றை ஓட்டலாம். அதுவும் இனிய அனுபவமே. ஆனால் அவ்வழியிற் கோல்களின் பழக்கம் கைவராது.

பற்றரியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். வீட்டுக்குள் ஆபத்து நுழைவது அதன் வழியாகவே. லித்தியம் பொலிமர் கலமொன்று முழுதாக ஏறியபின் 4.2 வோல்ற் காட்டும். வூப்களுக்குரிய சில கலங்கள் 4.35 வரை ஏறவல்லன. இவற்றை மாற்றி அமைத்துச் சாதாரண கலத்தை அவ்வளவுக்கு ஏற்றினாற் தீப்பற்றக்கூடும். பறக்கும்போது 3.3க்குக் கீழே இறங்கவிடாது தரையிறக்கவேண்டும். சில நாள் பறக்காதிருப்பின் 3.8 அளவிலே வைத்தல் வேண்டும். வீங்கிய கலத்தை மறுபடி மின்னேற்றலாகாது. மின்னேற்றும்போது ஒருவர் அருகில் விழித்திருக்கவேண்டும். இரவிலே ஏற்றிவிட்டு உறங்கச் செல்வது கூடவே கூடாது. ட்ரோனைக் கணினியுடன் இணைத்து ஒழுங்கு செய்யும்போது விசிறிகளைக் கழற்றிவிடுவதும் இதனோடு சேர்ந்த விதி.

கண்ணை மூடிப் பறப்பதாலே, அருகில் நின்று வெறுங்கண்ணால் ட்ரோனைக் கவனிக்கும் துணைவர் ஒருவர் வேண்டும் என்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விதித்துள்ளனர். இலங்கையிலே ட்ரோன்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின் ட்ரோன் பறத்தலை அச்சபை நிறுத்திவைத்ததும் உண்டு. உக்ரேன் போரில் இவ்வகை ட்ரோன்கள் ஆயுதமாகியதைச் செய்திகளிற் கண்ட அயலவர், கொகிள்ஸ் அணிந்து நிற்பவரை ஐயுறுவதும் இயல்பே. எனவே பொருளை வாங்குமுன் நடைமுறையிலுள்ள விதிகளை அச்சபையிடமே விசாரித்து, அயலவரிடமும் சொல்லிவைத்தல் வேண்டும்.

வூப்பின் பற்றரி மூன்று முதல் ஐந்து நிமிடமே தாங்கும். ஆதலால் அதனை வாங்கும்போதே நான்கைந்து பற்றரிகளையும், மேலதிக விசிறிகள் சிலவற்றையும், அதன் ஆணிகளுக்கேற்ற சிறு திருகாணிச் செலுத்தியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.