இடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களாகிய எம்மை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்றே எதிர்பார்ப்பீர்கள். இன்று வேறொரு நோயாளியைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். அந்த நோயாளி எமது கண்டி நகரம்.

1998 ஜனவரி 25, ஒரு ஞாயிறு காலை, தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தபோது எமது வகுப்பினர் பாடசாலை மாணவிகள். அடுத்து வந்த நாட்களில் பஸ்ஸில் தமிழில் கதைக்கவே எவ்வளவு தயங்கினோம் என்பது எம் வயதினருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தக் காயத்தை நாடே கண்டது. மாளிகை திருத்தியமைக்கப்பட்டது. சத்தமில்லாமல் நடக்கும் இடிப்புகளையோ யாரும் காண்பதில்லை. விடுமுறைக்கு வரும்போது ஒரு பழைய வீட்டின் முன் தகர வேலி நிற்கும். அடுத்த முறை வரும்போது அங்கே கண்ணாடி முகப்புடன் மாடிக் கடை நிற்கும். முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் எமக்கே சொல்லத் தெரியாது.

1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிறகென்ன பயம் என்றுதான் நாமும் இருந்தோம். சட்டத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. அது வேறெந்தத் திகதியுமல்ல, கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையின் திகதி. அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றைக் காக்க வேண்டுமானால் அதற்கென வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். யாராவது கேட்டால்தான் அது நடக்கும்.

1807இல் வெட்டப்பட்ட வாவியும், நாயக்க மன்னரின் உறவினர் குடியிருந்த மலபார் வீதியும் அரசர் காலத்தவை. ஆனால் இன்று நகர வீதிகளில் நிற்கும் பழைய வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் 1815க்குப் பிந்தியவை. 1876இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டதும் அந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது. நல்ல செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் சிறையாகவே இருந்த எஹெலபொல வளவு இடிக்கப்படாமல் திருத்தப்பட்டு, இன்று மக்கள் பார்க்கும் நூதனசாலையாகியிருக்கிறது. பழையதைக் காப்பது என்றால் பூட்டி வைப்பதல்ல, புதிய வேலை கொடுப்பது.

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன், கீழ் வளவிலிருந்த ஓட்டுக்கூரை வகுப்பறைகளை அகற்றப் பழைய மாணவியர் கூட்டத்தில் கேட்டபோது கை உயர்த்தியவர்களில் நாமும் இருந்தோம். புதிய கட்டடத்துக்குப் பணமும் சேர்த்துக் கொடுத்தோம். இந்த மலருக்காக அந்த வகுப்பறைகளின் படம் ஒன்று தேடினோம். கிடைக்கவில்லை. எமது பிழைதான், ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது பிரதான மண்டபத்தின் முறை. கூரை ஒழுகுகிறது, கறையான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வகுப்பறை போதாது. இவையெல்லாம் உண்மை. புதிய கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வைத்தியசாலையில் ஒருவரின் காலை அகற்ற வேண்டி வந்தாலும், முதலில் அவரது வரலாற்றைக் கேட்கிறோம், பரிசோதிக்கிறோம், இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயமும் பெறுகிறோம். தலைமுறை தலைமுறையாக நாம் காலைப் பிரார்த்தனை செய்த மண்டபத்தின் தலைவிதியை ஒரேயொரு கூட்டத்தில் தீர்மானிப்பது சரியா?

எனவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மரபுரிமைக் கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டடக்கலைஞர் ஒருவர் மண்டபத்தைப் பார்க்கும் வரை எந்த முடிவும் வேண்டாம். அவருக்கான செலவை எமது வகுப்பினர் ஏற்போம். இரண்டாவது, மண்டபத்தை அளந்து, வரைந்து, படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்குச் சங்கம் கடிதம் எழுதட்டும். மூன்றாவது உங்கள் ஒவ்வொருவருக்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, அலுமாரியிலுள்ள பழைய அல்பங்களைத் திறந்து பாருங்கள். பரிசளிப்பு விழாப் படத்தில் உங்கள் முகத்துக்குப் பின்னால் ஒரு தூண், ஒரு யன்னல், ஒரு படிக்கட்டு இருக்கும். வருடத்தைப் பின்பக்கம் எழுதி, ஒரு பிரதி அனுப்புங்கள்.

மண்டபம் நிலைக்குமா என்பதை இன்று எம்மால் சொல்ல முடியாது. ஆனால் இம்முறை கேட்காமல் கை உயர்த்த மாட்டோம்.