பேட்டரியை மாற்றினோம், கன்ட்ரோலரை மறந்தோம்

(சங்கப் பொதுக்குழுவில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாடிப்படி விளக்குகள் ஒரே நாளில் மொத்தமாக ஃபியூஸ் ஆனது ஏன் என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான். எனவே நானே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் தவறிருந்தால் திருத்துங்கள்.

நமக்கு சோலார் எதற்கு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடந்ததை நேரில் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாம் மெழுகுவர்த்தி தேடி அலைந்தோம். அதனால்தான் மாடியில் 335 வாட் பேனல் ஒன்றும், படிக்கட்டுக்கு 12 வோல்ட் விளக்குகளும், செல்போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட்டும் வைத்தோம்.

பழைய டியூபுலர் பேட்டரி வீணாகிப் போனதும், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கினோம். நல்ல பேட்டரிதான். லித்தியம் பேட்டரிக்காக 2019இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் குட்இனஃப். அப்போது அவருக்கு 97 வயது. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். பேட்டரி வாங்கிய பிறகுதான் இதைப் படித்தேன். பெருமையாக இருந்தது.

ஆனால் பழைய சார்ஜ் கன்ட்ரோலரை அப்படியே விட்டுவிட்டோம். "அதே 12 வோல்ட்தானே சார், அதுவே போதும்" என்றார் கடைக்காரர். நானும் செலவு மிச்சம் என்று தலையாட்டினேன்.

அது ஈய பேட்டரிக்கான பெட்டி. ஈய பேட்டரியை அவ்வப்போது 14.6 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிச் சரிசெய்யும், ஈக்வலைசேஷன் என்பார்கள். லித்தியத்துக்கு அது ஆகாது. உள்ளே நான்கு செல், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 3.65 வோல்ட், மொத்தம் 14.6. அதைத் தாண்டியதும் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்தது. பேட்டரி விலகியதும் 46 வோல்ட் பேனல் நேரே விளக்குகளைப் பார்த்தது. பன்னிரண்டு வோல்ட் பல்பு என்ன செய்யும்?

இன்னொரு நஷ்டம் எங்களுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. அது பி.டபிள்யூ.எம். வகை. பேனலின் வோல்ட்டேஜைப் பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் ஏறாது. சுமார் 9 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: 117 வாட். 335 வாட் பேனலுக்குக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்தோம். எம்.பி.பி.டி. வகை, அதிக வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். 335ஐ 13ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26. ஆகவே 30 ஆம்பியர் பெட்டி போதும்.

சந்தையில் எம்.பி.பி.டி. என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்கிறார்கள். இதைப் பிடிக்க என் போன்ற கணக்குப்பிள்ளைக்கே வழி இருக்கிறது. பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, நல்ல வெயிலில், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேனல் ஒயரில் ஒரு முறையும் பேட்டரி ஒயரில் ஒரு முறையும் வையுங்கள். பேட்டரி பக்கம் ஆம்பியர் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அசல். இரண்டும் ஒன்றானால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பில் பாஸ் பண்ணுவதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

செட்டிங்கில் லித்தியம் என்று தனியாக இருக்க வேண்டும்: ஏற்றம் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் சுமார் 13.5, ஈக்வலைசேஷனும் வெப்பநிலைத் திருத்தமும் கிடையாது. பேட்டரி கம்பெனி காகிதத்தில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரிக்குப் பக்கத்திலேயே டி.சி. ஃபியூஸ். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை வைத்து ஒப்பேற்றக் கூடாது, டி.சி.யில் தீப்பொறி எளிதில் அணையாது.

மூன்றாம் மாடி சாரின் மகன் கேம்பிங் ட்ரெய்லர் கட்டுகிறார். அவருக்கு ஒரு வார்த்தை. இதே போல இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் 92 வோல்ட். இங்கே 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கும். ஊட்டியில் பூஜ்யம் டிகிரி காலையில் குளிரால் அது 99ஐத் தொடும். தம்பி, 150 வோல்ட் பெட்டி வாங்குங்கள். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது.

புதுக் கன்ட்ரோலருக்கும் பல்புகளுக்கும் கூட்டம் அனுமதி தர வேண்டுகிறேன். இம்முறை கிளாம்ப் மீட்டர் சோதனை முடிந்த பிறகே செக். நாள் குறித்ததும் சொல்கிறேன், பதினொரு மணிக்கு மாடிக்கு வாருங்கள். செருப்போடு வாருங்கள், தளம் சுடும்.