பிற தொழிலினின்று ஆலோசனைத் தொழிலுக்கு

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு தொழிலிற் பல்லாண்டு பழகியவர் அதனை விடுத்து ஆலோசனைத் தொழிலுட் புகுதல் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளாகும். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இதனோடு என்ன உறவு என்று சிலர் எண்ணலாம். நம் குடும்பங்களில் நாற்பது வயதை அடுத்த செவிலியர், வங்கி எழுத்தர், ஆலை மேற்பார்வையாளர், ஆசிரியர் பலர் இவ்வெண்ணத்தோடு என்னிடம் வந்து பேசியுள்ளனர். அவர்தம் வினா ஒன்றே: “யான் பயின்றது வேறாயிற்றே, எனக்குத் தகுதி உண்டா?” வீட்டார் வினாவும் ஒன்றே: “இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படலாமா?” இவ்விரண்டிற்கும் விடை காண முயல்வேன்.

ஆலோசனைத் தொழிலாவது யாது? ஒரு நிறுவனத்தார் உள்ளிருந்து காணமாட்டாத குறையை வெளியிலிருந்து சென்று கண்டு, காரணம் ஆராய்ந்து, திருத்தும் வழி கூறி, அதற்கு ஊதியம் பெறுதலாம். இதன் வேர் நமக்குப் புதிதன்று. வள்ளுவனார் பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் என்றும் அமைச்சு என்றும் அதிகாரங்கள் வகுத்தனர். இன்று ஓர் ஆலைக்கும் நாளை ஒரு மருத்துவமனைக்குமாகச் சென்று, மாதச் சம்பளமின்றி அறிவை விலைக்களித்தலே புதியது. இத்தொழிலை வளர்த்தோரும் பல துறையினின்று வந்தவரே. 1926-ஆம் ஆண்டிற் சிகாகோ நகரில் தம் பெயரால் ஆலோசனை நிறுவனம் கண்ட ஜேம்ஸ் மக்கின்சி கணக்கியற் பேராசிரியர். பின்னர் அதனை வளர்த்த மார்வின் பவர் வழக்கறிஞர்.

இவர்களினும் நமக்குப் பெரிதும் பயன்படுவது அமெரிக்க நாட்டுத் தம்பதியர் இருவர் வரலாறாகும். பிராங்க் கில்பிரெத் என்பார் 1885-இல், தம் பதினேழாம் வயதிற் கொத்து வேலை பழகச் சேர்ந்தார். கற்பிக்கும் கொத்தனார் ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையாகச் செங்கல் வைப்பதைக் கண்டு வியந்தார். ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் வேண்டியிருந்தன. தரையிற் குவித்த கல்லை எடுக்க ஒவ்வொரு முறையும் கொத்தனார் தம் உடல் முழுவதையும் குனிந்து நிமிர்த்த வேண்டியிருந்தது. கல்லை இடுப்பளவு உயரத்தில் வைக்கும் சாரம் அமைத்தார். நல்ல முகம் முன்னிருக்குமாறு கற்களை முன்னரே அடுக்கச் செய்தார். தட்டி அமர்த்த வேண்டாதபடி கலவையைப் பதமாக்கினார். 18 அசைவுகள் 5 ஆயின. கரண்டி பிடித்த கையே அவருக்குக் கல்லூரி ஆயிற்று; பின்னாளிற் கட்டடத் தொழிலை விட்டு ஆலோசகரானார்.

நிற்க. அவர் மனைவியார் லில்லியன் வரலாறு இதனினும் சிறந்தது. அவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1900-இற் பட்டமும் 1902-இல் முதுகலைப் பட்டமும் பெற்றவர், பயின்றது இலக்கியம்! என் போன்றோர் மகிழத்தக்க செய்தி இது. மணந்தபின் கணவர் தொழிலுக்கு உறுதுணையாகி, உளவியல் பயின்று, 1915-இற் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எழுதிய மேலாண்மை உளவியல் நூல் 1914-இல் வெளிவந்தபோது, ஆசிரியர் ஒரு பெண் என்பது புலப்படாதவாறு பெயரின் முதலெழுத்துக்களையே பதிப்பாளர் அச்சிட்டனர்.

1924-ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் பிராங்க் திடீரென இறந்தார். வீட்டில் மக்கள் பதினொருவர். ஐரோப்பாவில் இலண்டன், பிராக் நகர்களிற் கூடிய மாநாடுகளுக்குக் கணவர் செல்லவிருந்தார். சில நாட்களிலேயே அவ்வம்மையார் தாமே கப்பலேறிச் சென்றார். திரும்பியபின், பெண்ணொருத்தியின் பொறியியல் ஆலோசனை எங்களுக்கு வேண்டா என நிறுவனங்கள் பல ஒதுங்கின. அம்மையார் என் செய்தார்? எங்குத் தம் அனுபவம் பிறர்க்கு இல்லையோ, அங்குச் சென்றார். 1926-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்திற்காகப் பெண்களுக்குரிய சுகாதாரப் பொருள் பற்றிப் பெண்களையே வினாவி ஆராய்ந்தார். மேசிஸ் என்னும் பெருங்கடையிற் பணியாளர் வேலை முறையை ஆராய்ந்தார். சமையலறையில் அடுப்பு, மேசை, தொட்டி ஆகியன எங்கு, எவ்வுயரத்தில் இருப்பின் நடையும் குனிவும் குறையும் என்று கணக்கிட்டுக் கூறினார். கதவடைத்த பொறியியல் உலகமே பின்னர் அவரை வரவேற்றது. 1935-இற் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணியுமானார்.

இதனால் நாம் அறியத்தக்கன சில. முதலாவது, பழைய தொழிலை மறைத்தல் வேண்டா, அதுவே கைம்முதல். நோயாளர் எங்குக் காத்துக் கிடக்கின்றனர், எம்மருந்து எப்பொழுது தீர்ந்துபோகிறது என்பதைச் செவிலியர் அறிவார்; மேலாண்மை மட்டும் பயின்றவர் அறியார். கடன் விண்ணப்பம் எங்கு முடங்கும் என்பதை வங்கி எழுத்தர் அறிவார். சிறு தொழில் செய்வோர்க்கு அவ்வறிவு பொன்னாகும்.

இரண்டாவது, இல்லாத கல்வியைத் தேடுதல் வேண்டும். இலக்கியம் பயின்ற அம்மையார் உளவியல் பயின்ற பின்னரே முழுத் தகுதி பெற்றார். “எனக்குத் தோன்றுகிறது” என்பது ஆலோசனை அன்று. எண்ணிப் பார்த்து, அளந்து, எழுதிக் காட்டுவதே ஆலோசனை.

மூன்றாவது, நாம் கூறும் சொல் பிறர் சோற்றில் விழும் என்பதை மறத்தலாகாது. டெய்லர் என்பார் முறைப்படி கடிகாரங்கொண்டு வேலையை அளந்தபோது, 1911-இல் வாட்டர்டவுன் படைக்கலச் சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கில்பிரெத் தம்பதியரோ உழைப்பவன் களைப்பைக் குறைப்பது எங்ஙனம் என்று 1916-இல் ஒரு நூலே எழுதினர். முதலாளிக்கு இலாபம் காட்டுவதோடு உழைப்பாளி முதுகையும் காப்பவனே நல்ல ஆலோசகன்.

இனி வீட்டார் அச்சத்திற்கு வருவோம். அது வீண் அச்சம் அன்று. இத்தொழிலில் ஒரு மாதம் வருவாய் பெருகும். மூன்று மாதம் ஒன்றும் வாராது. ஆதலின் ஓராண்டுக் குடும்பச் செலவைச் சேமித்து வைத்த பின்னரே வேலையை விடுதல் நன்று. என்ன பணி, எத்தனை நாள், எவ்வளவு ஊதியம் என்பதைத் தொடங்குமுன் எழுத்தில் வாங்குதல் வேண்டும். ஒருவர் வாணிக இரகசியத்தை மற்றொருவரிடம் உரைப்பவர்க்கு இத்தொழிலில் மறுவாழ்வு இல்லை.

நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆலையும் கடையும் நடத்துவோர் நம்மிடைப் பலர் உளர். “சற்று வந்து பார்த்துச் சொல் தம்பி” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுதல் நம் வழக்கம். சிறு பணியேனும் ஊதியத்தோடு கொடுங்கள். நம்மவர் என்பதற்காகக் கொடுக்க வேண்டா; வேலை நன்றாயின் மட்டும் மீண்டும் அழையுங்கள். இலவசமாகக் கேட்ட யோசனையை எவரும் நடத்திப் பார்ப்பதில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கணவனை இழந்தோ, மக்களை வளர்த்துவிட்டோ, மீண்டும் உழைக்க எண்ணும் பெண்ணை, “இந்த வயதில் உனக்கேன்?” என்று வினவாதீர்கள். பதினொரு மக்களோடு தனித்து நின்ற அம்மையாரை அங்ஙனம் வினவி வீட்டிலிருத்தியிருப்பின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அவர் கணக்கிட்டமைத்த சமையலறையிற் குனியாது நின்று வேலை செய்த பெண்களுக்கும் ஆகும்.