தூதில் விடுபட்ட சொற்கள்

ஹோமரின் இலியட் 24 காண்டங்களைக் கொண்ட கிரேக்கக் காப்பியம்; அதன் 9ஆம் காண்டத்தில், டிராய் நகரத்தாரிடம் அடிபட்டுக் கலங்கிநிற்கும் கிரேக்கப் படையின் அரசன் அகமெம்னான், தன்னால் அவமதிக்கப்பட்டுப் போரைத் துறந்திருந்த அக்கிலீஸிடம் ஒடிசியஸ், அயாக்ஸ், முதியவர் ஃபீனிக்ஸ் ஆகிய மூவரைத் தூதனுப்புகிறான். அவர்கள் உள்ளே நுழையும்போது, தான் வென்றழித்த ஊரொன்றில் கவர்ந்துவந்த யாழை மீட்டியபடி அக்கிலீஸ் பழைய வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்க, பாட்டு முடியட்டும் என்று எதிரே அவன் தோழன் பட்ரோக்ளஸ் பேசாமல் அமர்ந்திருக்கிறான். போரே வேண்டாம் என்றிருப்பவனின் கையில் போர்க்கொள்ளை, வாயில் போர்ப்பாட்டு!

அவமதிப்புக்குக் காரணம் 'கெராஸ்', அதாவது கொள்ளைப்பொருளில் ஒருவனது வீரத்தை மதித்துப் படையினர் ஒதுக்கித் தரும் சிறப்புப் பங்கு. அவ்வாறு கிடைத்த பிரிசெயிஸ் என்னும் பெண்ணைத்தான் அரசன் பறித்துக்கொண்டான். இப்போது அவளைத் திருப்பித் தருவதோடு 10 தாலந்து பொன், 12 குதிரைகள், 7 ஊர்கள், தன் மகள் என்று அரசன் அள்ளி வழங்க முன்வருகிறான். ஆயினும், தானே மேலான அரசன், வயதிலும் மூத்தவன், ஆகவே அக்கிலீஸ் தனக்குப் பணியவேண்டும் என்றுதான் அவன் பேச்சு முடிகிறது. பரிசுப் பட்டியலை ஏறக்குறைய ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் ஒடிசியஸ், சாமர்த்தியமாக இந்த முடிவை மட்டும் விழுங்கிவிடுகிறான். விழுங்கியும் பயனில்லை, மனத்தில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்பவன் தனக்கு அருவருப்பானவன் என்றுதான் அக்கிலீஸ் பதிலையே தொடங்குகிறான். இவ்வளவு பரிசையும் வாங்கிக்கொண்டால், மருமகன் என்ற பெயரில் அரசனுக்கு அடங்கி வாழவேண்டியிருக்கும் என்பது அவனுக்குப் புரியாததன்று.

அவனைக் கல்நெஞ்சன் என்பவர்கள் அடுத்து நடப்பதைக் கவனிப்பதில்லை. விடிந்ததும் கப்பலேறுவதாக ஒடிசியஸிடம் சொன்னவன், குழந்தை அக்கிலீஸ் தன் சட்டையில் மதுவைக் கக்கி நனைத்த கதையைச் சொல்லி உருகும் ஃபீனிக்ஸிடம், போவதா இருப்பதா என்பதை விடிந்தபின் பார்க்கலாம் என்கிறான். சுற்றிவளைக்காமல் சுருக்கமாகக் கடிந்துகொள்ளும் அயாக்ஸிடமோ, ஊர் திரும்பும் பேச்சையே விட்டு, டிராய்ப் படைத்தலைவன் ஹெக்டர் தன் கப்பல்களை நெருங்கும்வரை போரிடுவதில்லை என்ற அளவுக்கு இறங்கிவருகிறான். அரசனிடம் திரும்பிய ஒடிசியஸ், கப்பலேறுவேன் என்ற முதல் பதிலை மட்டும் சொல்கிறான்.