பழைய யந்திரக் கையும் தொழிலாளியின் உயிரும்

(பட்டறைத் தொழிலாளர்களுக்கான சங்க வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

‘ரோபோ’ என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து உலகத்துக்குக் கிடைத்தது. ‘ரொபோத்தா’ என்றால் அவர்கள் மொழியில் பண்ணைக்குச் செய்யும் கட்டாய ஊழியம். நம் கிராமங்களில் கூலியில்லாமல் வாங்கிய வெட்டி ஊழியம் இருந்ததல்லவா, அதுபோன்றதுதான். அந்த ஊழியத்தை யந்திரம் செய்யட்டும் என்றால் நமக்கு மகிழ்ச்சியே. யந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் அது யாருடைய அவசரத்துக்காக, யாருடைய உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1961-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் ‘யூனிமேட்’ என்ற யந்திரக் கை வேலைக்கு வந்தது. 1979 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்து வார்ப்பட ஆலை ஒன்றில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் யந்திரக் கை மோதி மாண்டார். 1981-ல் ஜப்பானில் அகாஷி நகரில், வேலியைத் தாண்டிப் பழுது பார்க்கப் போன தொழிலாளியை, முழுதும் நிறுத்தப்படாத கை தள்ளி நசுக்கியது. யந்திரத்துக்குக் கோபம் கிடையாது; இரக்கமும் கிடையாது. தன் பாதையில் நிற்பது இரும்பா, மனிதனா என்று இத்தகைய கைக்குத் தெரியாது.

பெரிய ஆலைகள் ஓட்டிக் கழித்த கைகள் இன்று பாதி விலைக்கும் கால் விலைக்கும் சிறு பட்டறைகளுக்கு வருகின்றன. லாரியிலிருந்து இறக்கிய அன்றே, “கரண்டைக் கொடு, ஓடுகிறதா பார்ப்போம்” என்கிறார் முதலாளி. இந்த இடத்தில்தான் நாம் நிதானமாக நிற்க வேண்டும்.

முதலாவது, தரை. 165 கிலோ தூக்கும் கை, தானே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அதைக் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்காமல் நீட்டி வீசவிட்டால் அடியோடு சாயும்.

இரண்டாவது, மின்சாரம். பெட்டியின் மேலுள்ள தகட்டைப் படியுங்கள். நம் ஊர் மூன்று பேஸ் மின்சாரம் ஏறக்குறைய 415 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி 200 வோல்ட் கேட்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது 480 கேட்கலாம். அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இணைக்கக் கூடாது. எர்த் இல்லாமல் இணைக்கவே கூடாது.

மூன்றாவது, பெட்டியின் உள்ளே. மெயினை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

நான்காவது, பாதுகாப்புக் கம்பிகள். இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் இப்படிப்பட்ட கைக்கு உயிர் கொடுக்க எங்களை அழைத்தார்கள். பெட்டியைத் திறந்தால், இரண்டு முனைகளுக்கு நடுவே இரண்டு அங்குலச் சிவப்புக் கம்பி. வேலிக் கதவு திறந்தால் கை நிற்க வேண்டிய சுற்றை யாரோ குறுக்கே கட்டி ஏமாற்றியிருந்தார்கள். கம்பியைக் கழற்றினோம். “இத்தனை நாள் ஓடியதுதானே! வேலி போட இரண்டு நாள் வீணாகும்” என்று முதலாளி சீறினார். வேலியில்லாமல் தொடமாட்டோம் என்று அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேலி வந்தது. மூன்றாம் நாள், மெல்ல இயக்கிப் பார்த்துவிட்டு மோட்டார் மின்சாரத்தை நிறுத்தியதும், முன்கை தொப்பென்று ஒரு முழம் கீழே விழுந்தது. பிரேக் தேய்ந்திருந்தது! முதல் நாள் அதே கையின் கீழே ஒரு பையன் குனிந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு அங்குலக் கம்பிக்கும் அந்தப் பையனின் தலைக்கும் உள்ள சம்பந்தத்தை அன்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

ஐந்தாவது, கையின் ஞாபகம். மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற கணக்கைப் பல கைகளில் சிறு பாட்டரிகள் காப்பாற்றுகின்றன. கிடங்கில் கிடந்து பாட்டரி தீர்ந்திருந்தால், கைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது, எல்லைகளும் பொய்யாகிவிடும். மூட்டுகளில் உள்ள அடையாளக் கோடுகளைப் பொருத்தி, கணக்கைத் திரும்பச் சரிசெய்யும்வரை பழைய வேலைத் திட்டத்தை ஓட்டக் கூடாது.

கடைசியாக, முதல் அசைவு. அவசர நிறுத்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் மோட்டார் மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். ஒரு தோழர் அந்தப் பொத்தானை விட்டு நகரக் கூடாது. கையால் ஓட்டும் நிலையில் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. இயக்குபவர் கையில் உள்ள பலகையில் மூன்று நிலை ஸ்விட்ச் உண்டு. லேசாக அழுத்தினால் ஓடும். விட்டாலும் நிற்கும், இறுக அழுத்தினாலும் நிற்கும். ஏன்? திடுக்கிட்ட மனிதன் ஒன்று கையை விடுவான், அல்லது இறுகப் பிடிப்பான். அந்த ஸ்விட்சை டேப் சுற்றிக் கட்டிவைப்பது நமக்கு நாமே குழி தோண்டுவதாகும். ஒவ்வொரு மூட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். கையின் கீழே யாரும் நிற்கலாகாது.

தோழர்களே! யந்திரத்துக்கு வேலி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவே சொன்னது. சட்டத்தின் பெயர்கள் மாறலாம். நம் விரல்களும் தலைகளும் மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. மலிவாக வாங்கிய யந்திரத்தின் மீதி விலையைத் தொழிலாளி தன் ரத்தத்தால் கட்ட வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான்: வேலி, கையேடு, பயிற்சி, சோதித்துப் பார்ப்பதற்கான நாட்களுக்கு முழுக் கூலி, ஆபத்தென்று கண்டால் மறுக்கும் உரிமை. தனி ஆள் கேட்டால் அவனை வெளியே அனுப்புவார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டால் வேலி வருகிறது. இதை உங்கள் பட்டறைகளுக்குப் போய்ச் சொல்லுங்கள்!