துப்பாக்கியும் பொறுப்பும்



தோட்டத்தில் வாழும் நமக்குக் காட்டுப்பன்றி புதிதல்ல. செம்பனைக் கன்று நட்டுச் சில மாதங்கள்தாம் ஆகியிருக்கும். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புகுந்து, அடியைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் நாம் போட்டிருக்கும் மரவள்ளிக்கும் அதே கதிதான். ஆகவே பன்றி சுட ஆட்கள் வருவதும், எங்கோ தூரத்தில் வெடியோசை கேட்பதும், மறுநாள் பெரட்டுக் களத்தில் அதைப் பற்றிப் பேச்சு நடப்பதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள்.

ஆனால் சில நாள்களில் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டார்களாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள். இத்தகைய செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. பல வேளைகளில் மாண்டவர் கூட வேட்டைக்குப் போன நண்பராகவோ உறவினராகவோ இருப்பார். சுட்டவர் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். ஊரார், "என்ன செய்வது, விதி!" என்பார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடித்துக்கொள்வது சரிதானா? விபத்து என்று எதைச் சொல்லலாம்? அதற்குப் பொறுப்பு யாருடையது? இன்று நாம் சற்றுச் சிந்திக்க இருப்பது இதைத்தான்.

இந்தக் கேள்வி துப்பாக்கி தோன்றுவதற்கு முன்பே எழுந்த கேள்வி. இராமாயணக் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தசரதன் இளைஞனாக இருந்தபோது, இரவில் சரயு நதிக்கரைக்கு வேட்டையாடப் போனான். கண்ணால் பார்க்காமலே, ஓசை வந்த திசையை நோக்கி அம்பு எய்வதில் அவன் கைதேர்ந்தவன். அந்த வித்தையில் அவனுக்குப் பெருமையும் இருந்தது. இருட்டில் 'களக் களக்' என்று ஓர் ஓசை கேட்டது. யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான், எய்தான். அங்கிருந்து மனிதக் குரல் அலறியது. கண் தெரியாத தாய் தந்தையருக்காகக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பிள்ளைதான் அங்கே விழுந்து கிடந்தான்.

தசரதன் கொலை செய்ய வேண்டும் என்று எண்ணவில்லை. ஆயினும் கதை அவனை விட்டுவிடவில்லை. பிள்ளையை இழந்த தந்தை, "நீயும் மகனைப் பிரிந்த துயரத்தால் மாள்வாய்" என்று சபித்தார். எண்ணம் கெட்டதாக இல்லாவிட்டாலும், பார்க்காமல் எய்தது அவன் குற்றம் என்பதே கதை சொல்லும் நீதி.

நம் நாட்டுச் சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 80ஆம் பிரிவு விபத்தைப் பற்றியது. ஒருவன் சட்டத்துக்கு உட்பட்ட வேலையை, சரியான முறையில், தகுந்த கவனத்துடன் செய்யும்போது தற்செயலாகத் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு ஓர் உதாரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவன் கோடரியால் வேலை செய்துகொண்டிருக்கிறான். கோடரியின் தலை கழன்று பறந்து, பக்கத்தில் நின்றவன்மேல் பட்டு அவன் இறந்துவிடுகிறான். வேலை செய்தவனிடம் கவனக்குறைவு எதுவும் இல்லையென்றால் அவன் குற்றவாளியல்லன்.

நேயர்களே, 'கவனக்குறைவு இல்லையென்றால்' என்னும் அந்தச் சொற்களைக் கவனியுங்கள். கோடரியின் ஆப்பு ஆடுகிறது என்று தெரிந்தும் ஓங்கினால் அந்த மன்னிப்புக்கு இடமில்லை. அசட்டையாலோ கவனக்குறைவாலோ உயிர்ச்சேதம் விளைவிப்பவருக்கு, அதே சட்டத் தொகுப்பின் 304ஏ பிரிவு இரண்டாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 'நான் வேண்டுமென்று செய்யவில்லை' என்று சொன்னால் மட்டும் போதாது. 'செய்ய வேண்டிய கவனமெல்லாம் செய்தேனா?' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

இது பாமர மக்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி டெக்சஸ் மாநிலத்தில் காடை வேட்டைக்குப் போனார். பறந்த பறவையைக் குறிபார்த்தபடியே திரும்பிச் சுட்டார். அந்தத் திசையில் நின்ற அவருடைய தோழர், 78 வயது வழக்கறிஞர், முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்து விழுந்தார். நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். உடனே ஒரு வாதம் எழுந்தது. "பின்னாலிருந்து வந்தவர் குரல் கொடுத்திருக்க வேண்டும், தவறு அவருடையது" என்றார்கள் சிலர். "யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டியவர் சுடுகிறவர்தான்" என்றார்கள் அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள். சில நாள்களுக்குப் பிறகு செனியே தொலைக்காட்சியில் தோன்றி, விசையை இழுத்தது தாமே என்றும், வேறு யார்மீதும் பழி சொல்வதற்கில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

நம்மிடையேயும் இதே வாதம் உண்டு. "அந்த நேரத்தில் அவனை யார் அங்கே போகச் சொன்னது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர், குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிற பெண், ஓடையோரம் கீரை பறிக்கப் போகிற பாட்டி, எல்லாரும் தம் வேலையாகவே போகிறார்கள். அவர்கள் கையில் உயிரைப் பறிக்கும் கருவி எதுவும் இல்லை. கருவி எவர் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பொறுப்பும் இருக்கிறது.

அப்படியானால் துப்பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கும் விதிகள் நான்கு.

முதலாவது, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். நம் சிறு வயதில், நாம் வாழ்ந்த தோட்டத்தில் ஒரு ஜாகா இருந்தார். துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை முறித்துத் திறந்து குழலுக்குள் பார்ப்பார். "இப்போதுதானே பார்த்தீர்கள், தாத்தா?" என்று நாம் சிரிப்போம். "கீழே வைத்தேனே, அதற்குள் எத்தனை கை பட்டதோ?" என்பார். அன்று நமக்கு அது கிழவரின் கிறுக்காகத் தோன்றியது. இன்று அதன் அருமை தெரிகிறது.

இரண்டாவது, சுடக் கருதாத எதை நோக்கியும் குழல் வாயைத் திருப்பக்கூடாது, விளையாட்டுக்குக்கூடக் கூடாது. கால்வாயைத் தாண்டும்போதும், வேலியைக் கடக்கும்போதும், மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும், மற்றவரிடம் கொடுக்கும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, குறி உறுதியாகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். கால் வழுக்கினால் கை தானாகவே இறுகும். விரல் விசையில் இருந்தால் அந்த இறுக்கமே போதும்.

நான்காவது, இலக்கு இன்னது என்று கண்ணால் கண்டு தெளிய வேண்டும். இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். தசரதன் மீறியது இந்த விதியைத்தான். பன்றி வரும், வரும் என்று மணிக்கணக்கில் காத்திருப்பவனுக்கு, புதர் அசைந்தாலே பன்றியாகத் தெரியும். மனம் எதை விரும்புகிறதோ அதையே கண் காட்டும். டார்ச் வெளிச்சத்தில் ஏதோ பளிச்சென்று மின்னியதைக் கண்டு சுடுகிறவர்களும் உண்டு. மாட்டின் கண்ணும் நாயின் கண்ணும் வெளிச்சம் பட்டால் பளபளக்கும். பன்றியின் கண்ணில் அந்தப் பளபளப்புக்கான படலம் இல்லை. ஆகவே மின்னலை நம்பிச் சுடுகிறவர், மாட்டையோ நாயையோ மனிதர் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தையோ சுடக்கூடும்.

அப்பால் இருப்பதும் முக்கியம். பெரிய ரவைகள் அடைத்த 12 போர் தோட்டாவில், ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ரவைகள் சாதாரணமாக எட்டோ ஒன்பதோ இருக்கும். தூரம் கூடக்கூட அவை பரவும். பன்றியின்மேல் இரண்டு பட்டால் மற்றவை எங்கே போகும்? நூறு கஜத்துக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும் வேகம் அவற்றுக்கு உண்டு. நேர் நேராக நட்ட செம்பனை வரிசையின் மறுமுனையில் பாதையோ, நம் வீடுகளோ இருக்கலாம் அல்லவா?

"இவ்வளவு ஆபத்து என்றால் துப்பாக்கியே வேண்டாமே" என்று சிலர் சொல்வார்கள். தம் இரண்டு ஏக்கர் நிலத்தில் ஆறு மாத உழைப்பை ஒரே இரவில் பறிகொடுத்த சிறுதோட்டக்காரர், "எனக்கு வேறு வழி என்ன?" என்று கேட்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் ஆளுக்கு உரியது. மைத்துனன் கேட்டான், நண்பன் கேட்டான் என்று ஓரிரவுக்குக் கடன் கொடுக்கும் மண்வெட்டியன்று துப்பாக்கி. இரும்புக் குழாயைக் கொண்டு திருட்டுத்தனமாகச் செய்யும் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை கடுங்குற்றம் மட்டுமல்ல. சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கக் கூடியவை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். அமெரிக்காவில் இதைப் பற்றி நெடுநாளாக விவாதம் நடக்கிறது. பூட்டி வைத்த துப்பாக்கி ஆபத்து வேளைக்கு உதவாது என்பது ஒரு சாரார் கருத்து. ஆயினும், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைக்கும் பெரியவரைத் தண்டிக்கும் சட்டத்தை, அந்நாட்டிலேயே முதலாவதாக புளோரிடா மாநிலம் 1989ஆம் ஆண்டில் இயற்றியது. பிள்ளையின் விரல் விசையை இழுத்தாலும் பொறுப்பு பெரியவருடையது என்பதே அதன் கருத்து. ஆகவே துப்பாக்கி ஒரு பூட்டுக்குள்ளும், தோட்டா வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பதும், கட்டிலுக்கு அடியில் மறைத்து வைப்பதும் பூட்டுவதாகா. பெரியவர் மறைக்கும் இடமெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும்!

சரி, துப்பாக்கியே இல்லாத குடும்பங்கள் என்ன செய்யலாம்? முதலில், பன்றி சுட ஆள் வரும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே பெரட்டில் அறிவிக்கும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம். இது நமது உரிமை. அந்த நாளில் அந்தப் பகுதிக்குப் போகாதிருக்கலாம். இருட்டு வேளையில் வெளிர்நிற உடையோ பளிச்சென்ற உடையோ அணிந்து, இருவராகப் பேசிக்கொண்டே போகலாம். இதெல்லாம் நம்மைக் காத்துக்கொள்ளத்தான். சுடுகிறவரின் பொறுப்பை இது குறைத்துவிடாது. தோட்டத்தில் தோட்டாவோ துப்பாக்கியோ கிடந்தால் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்கள் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

யாருக்கேனும் குண்டு பட்டுவிட்டால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். ரவையைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். 999 எண்ணை அழையுங்கள். சுட்டவர் பயந்து ஓடிவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிரும் போய்விடும்.

இங்கே மறுபடியும் தசரதனை நினைத்துக்கொள்வோம். இருட்டில் அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் நினைத்திருந்தால் பேசாமல் அரண்மனைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அவன் அந்தக் குடத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, கண் தெரியாத அந்த முதியவர்களிடம் போய், "உங்கள் பிள்ளை அல்ல, நான்தான் வந்திருக்கிறேன். உங்கள் பிள்ளையைக் கொன்றவன் நான்தான்" என்று தெரிவித்தான். பொறுப்பு ஏற்பது என்பது அதுதான். ஆனாலும் அந்தப் பெற்றோருக்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கவில்லை. எய்த பிறகு ஏற்கும் பொறுப்பு, எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், பிந்தி வந்த பொறுப்புதான்.

விசையில் விரல் வைக்கும் முன்பே வருகிற பொறுப்பு ஒன்று உண்டு. தெளிவாகத் தெரியவில்லையா, சுடாதே என்பதுதான் அது. பன்றி தப்பித்துப் போனால் போகட்டும். செம்பனைக் கன்றை மறுபடி நட்டுக்கொள்ளலாம். வேலைக்குப் போன அப்பாவோ அம்மாவோ மாலையில் வீடு திரும்ப வேண்டும் அல்லவா? உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ துப்பாக்கி வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், இன்று இரவே இதை அவரிடம் பேசுங்கள்.